சக்கை அரக்கும் சாமி வெண்ணெயும்

“ஆர்த்திகாகிட்டச் சொல்லுங்கோ, தோசை ஆறுகுன்னு.”

ஆர்த்திகா அதே மேசையில், நான்கடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

“மக்கா, தோசை ஆறுகாம்,” என்றார் பகவதியப்பன்.

“எனக்குக் காது கேக்கும்ப்பா. சட்னியில உப்பு இல்லன்னு சொல்லுங்கோ.”

“இஞ்சேரு, சட்னியில உப்பு...”

“உப்புக் குப்பி மேசையிலதான் இருக்குன்னு சொல்லுங்கோ. கோல் காக்குற கோலியாக்கும், கைய நீட்டி எடுக்க வேண்டியதுதான.”

பகவதியப்பன் உப்புக் குப்பியை எடுத்து மகள் பக்கம் நகர்த்தினார். இருபத்தாறு நாட்களாக இதுதான் வேலை. வேளாண்மை அலுவலகத்தில் விதைநெல் கிட்டங்கிக்குப் பொறுப்பானவர் அவர். அங்கே நாள் முழுக்க விவசாயிகள் ஏசுவதை அதிகாரிக்கும், அதிகாரி ஏசுவதை விவசாயிகளுக்கும் கொண்டுசேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் அதே உத்தியோகம். அங்காவது ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டு.

சுசீந்திரத்தில் அந்த வீட்டைக் கேட்டால் ‘பந்து டீச்சர் வீடு’ என்றுதான் காட்டுவார்கள். அவர் மனைவி அழகியநாயகி ஒன்பது வருடம் மாநில ஹேண்ட்பால் அணிக்குக் கோல் காத்தவள். இரண்டு முறை தேசியத் தங்கம். வலக்கைச் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும்; வடக்கே ஒரு போட்டியில் வந்த பந்து செய்த வேலை. அந்த விரலோடு மிச்ச நாற்பது நிமிடமும் நின்று ஜெயித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாங்கிய கோப்பைகள் எல்லாம் சமையலறையில்தான் இருந்தன. ஒன்றில் உளுந்து, ஒன்றில் கடலைமாவு, காது உடைந்த ஒன்றில் புளி. “கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சா தூசிதான் அடையும். இங்கன்னா தினமும் கழுவுகேன்லா,” என்பாள்.

ஆட்டம் நின்ற பிறகு ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் பயிற்சியாளரானாள். வயல் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவாள். நாற்றுக்கட்டு எறிந்து பழகிய கைக்குப் பந்து ஒரு பொருட்டே இல்லை என்பது அவள் கட்சி. பன்னிரண்டு வருடத்தில் ஏழு முறை மாவட்டக் கோப்பை அந்தப் பள்ளிக்குத்தான்.

வீட்டிலும் அவள் கோச்சுதான். ஆட்டத்தை ஒரு நிமிடம் நிறுத்தக் கேட்கிற பச்சை அட்டை ஒன்று ஃபிரிட்ஜ் மேல் எப்போதும் இருக்கும். பகவதியப்பன் நெல்விதை முளைப்புத் திறன் பற்றிப் பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம் தாண்டினால் அட்டை மேசைக்கு வந்துவிடும். அவரும் வாயை மூடிக்கொள்வார். கல்யாணமான இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் அந்த அட்டையைத் தொட்டதில்லை.

சண்டைக்குக் காரணம் போன வருடம் நடந்தது. ஆர்த்திகா அம்மாவின் பள்ளியில் பத்தாவது. கோல் காப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. ஆனால் ஒருநாள் பஸ்ஸில் யாரோ, “டீச்சருக்க மகளுல்லா, பின்ன எடுக்காம இருப்பாளா,” என்று சொன்னது அழகியநாயகி காதில் விழுந்தது. அன்றோடு ஆர்த்திகா பெஞ்சில். நான்கு ஆட்டம், நான்கிலும் தண்ணீர்க் குப்பியும் துவாலையுமாக உட்கார்ந்திருந்தாள். அரையிறுதியில் நின்ற கோலியின் கால் சுளுக்கியபோதுகூட இறக்கவில்லை.

ஆர்த்திகா பத்தாவதை முடித்தாள். பதினொன்றாம் வகுப்புக்கு நாகர்கோவில் டவுனில் வேறொரு பள்ளியில் போய்ச் சேர்ந்தாள். எதிரணி. அங்கே முதல் நாளே கோல் வாசல் அவளுக்கு.

“தோத்துட்டு வரட்டு, அப்பப் பேசுகேன்,” என்றாள் அம்மா.

“கப்போட வந்துதான் பேசுவேன்,” என்றாள் மகள்.

அதாவது மகள் தோற்றால் அம்மா பேசுவாள், மகள் பேசமாட்டாள். ஜெயித்தால் மகள் பேசுவாள், அம்மா பேசமாட்டாள். பகவதியப்பன் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் தனக்கு விடுதலை இல்லை. இந்த நிலையில், வருகிற சனிக்கிழமை மாவட்ட இறுதிப் போட்டியில் இரண்டு பள்ளியும் மோதுகின்றன.

*

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளி மைதானத்துக்கு மனைவியைக் கூப்பிடப் போனார். ஆடிக்காற்று தென்னை மண்டைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. பிள்ளைகள் செம்மண் அப்பிய காலோடு வரிசையாக நின்றார்கள். அழகியநாயகி சஜிதாவைத் தனியே கூப்பிட்டு நிறுத்தியிருந்தாள். சஜிதாதான் அணியின் காப்டன். இறச்சகுளம் பக்கத்துப் பிள்ளை. தோள் பலம் அசாத்தியம்.

“கேட்டுக்கோட்டி. அவளுக்குக் கையி ரெண்டும் மின்னலாக்கும். மேல அடிச்சா எடுத்துருவா. ஆனா எடது காலு பதுக்க, வேகம் பத்தாது. கீழ, எடது கால் பக்கம் அடி. ஏழு மீட்டர் பெனால்டி கிடைச்சா வேற எங்கயும் நோக்காத.”

“செரி டீச்சர்.” சஜிதா தயங்கினாள். “டீச்சர், ஆர்த்திகா பாவம்லா?”

“கிரவுண்டுல என்ன பாவம்? ஓடு, ரெண்டு ரவுண்டு.”

பகவதியப்பன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் பின்னால் போய், பிறகு ஹாரன் அடித்துக்கொண்டு புதிதாக வருகிறவர்போல் வந்தார்.

அன்று மகள் கேட்டாள். “யப்பா, அம்மா எங்க டீமப் பத்தி என்னமாவது சொன்னாளா?”

“என்கிட்டயா? எனக்குப் பந்து உருண்டையா சதுரமான்னே தெரியாது மக்கா.”

“பொய்யி. ஒங்க காது செவக்குகு.”

அவர் காதைத் தடவிக்கொண்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனார். மழையில் துணி ஏற்கனவே நனைந்திருந்தது. சொன்னால் பெண்டாட்டிக்குத் துரோகம். சொல்லாவிட்டால் மகளுக்கு. நனைந்த துணியை மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டு வந்தார்.

*

அடுத்த நாள் அழகியநாயகி ஒரு வேலை சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, அரக்கு வேணும். நம்ம வருக்கைச் சக்க மரம் போன வாரக் காத்துல முறிஞ்சாச்சுல்லா. ஒங்க ஆபீசு சத்தியநேசன் சாருக்குப் பேச்சிப்பாறையில தோட்டம் உண்டே, அங்க கடைசிச் சக்க கெடக்கும். கேட்டு வாங்கியாங்கோ.”

இந்த அரக்குதான் அழகியநாயகியின் ஆயுதம். அவள் ஆடிய காலத்தில் வடக்கத்தி அணிகள் பந்து வழுக்காமல் இருக்க வெளிநாட்டுப் பசை கொண்டுவருவார்கள். குப்பியைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள். இவள் ஊருக்கு வந்து, பலாச்சக்கை வெட்டும்போது வடிகிற பிசுபிசுப்பான அரக்கைக் கம்பில் சுற்றி எடுத்து, தேங்காயெண்ணெய் விட்டு இளஞ்சூட்டில் குழைத்து ஒன்று தயார்செய்தாள். மூன்று பங்கு அரக்குக்கு ஒரு பங்கு எண்ணெய். விரல் நுனியில் தொட்டுக்கொண்டால் பந்து சொன்ன பேச்சு கேட்கும். அவள் கோலி, அவளுக்கு அது தேவையே இல்லை. ஆனால் எறிகிறவர்கள் எல்லாம் அவள் குப்பியைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு மகள் கூப்பிட்டாள். “யப்பா, அம்மா அரக்கு கேட்டாளா?”

“இல்லியே.”

“காது.”

“கேட்டா.”

“எங்களுக்கும் ஒரு குப்பி வேணும். எங்க காப்டன் ரெஜிலா சொல்லிட்டா, அவளுக டீமுக்கு மட்டும் இருந்தா அது நியாயம் இல்லன்னு. நீங்க எனக்கும் அப்பாதான?”

பகவதியப்பன் இரண்டாவது குப்பியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் ஆபீசில் சத்தியநேசனிடம் விஷயத்தைச் சொன்னார். சத்தியநேசனுக்கு இல்லை என்று சொல்லவே தெரியாது. கல்யாண வீட்டில் சோறு போதாது என்றால் பக்கத்து வீட்டுச் சோற்றை எடுத்துப் போட்டுச் சமாளிக்கிற மனுஷன்.

“அரக்கா? அதுக்கென்ன ஓய்! ஒரு குப்பியா, ரெண்டு குப்பியா?”

“ரெண்டு. ஆனா ஒண்ணு போன எடம் மத்ததுக்குத் தெரியப்பிடாது.”

“நீரு வீட்டுக்குள்ள கள்ளக்கடத்தலு நடத்துகேரே வேய்!”

“நம்ம பாடு ஒமக்குத் தெரியாது. யாரு ஜெயிச்சாலும் எனக்குச் சங்கடமாக்கும்.”

“அப்பம் டிரா ஆவணும்னு வேண்டிக்கிடும்.”

சத்தியநேசன் சும்மாதான் சொன்னார். ஆனால் பகவதியப்பனுக்கு இருபத்தெட்டு நாளில் கிடைத்த முதல் நல்ல யோசனை அது. டிரா ஆனால் யாரும் தோற்கவில்லை, யாரும் ஜெயிக்கவில்லை. இரண்டு சபதமும் தன்னால் செத்துப்போகும்.

வெள்ளிக்கிழமை சத்தியநேசன் இரண்டு ஊறுகாய்க் குப்பி கொண்டுவந்தார். இரண்டும் வாய்வரை நிறைந்திருந்தன. “நல்ல கெட்டிச் சாதனம், கேட்டீரா,” என்றார். பகவதியப்பன் எண்ணெய் கலந்து, ஒன்றை மனைவியின் பையிலும் ஒன்றை மகளின் பையிலும் வைத்தார்.

சனிக்கிழமை காலை சுசீந்திரம் கோவிலுக்குப் போய் ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்தச் சொன்னார்.

“யார் பேருக்கு?” என்றார் அர்ச்சகர்.

“அழகியநாயகி. ஆர்த்திகா.”

“என்ன வேண்டுதல்? வெற்றி கிடைக்கணும்னா?”

“வெற்றி வேண்டாம் சாமி.”

“பின்ன தோல்வியா?”

“அதும் வேண்டாம். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி... ஒரு அனுசரிச்சுப் போற மாதிரி பாத்துச் செய்யணும்.”

அர்ச்சகர் அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வாழையிலையில் இரண்டு பெரிய உருண்டை வெண்ணெய் பிரசாதமாகக் கிடைத்தது. அதைச் சோற்றுப் பையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். ஆட்டம் முடிந்து கைப்பசையை எடுக்கத் தேவைப்படும் தேங்காயெண்ணெய்க் குப்பி வீட்டில் சமையல் மேடையிலேயே இருந்தது.

*

பத்து நிமிடம் ஆட்டம் நன்றாகவே போனது. இரண்டுக்கு இரண்டு. சஜிதா மேலே அடித்த இரண்டு பந்தை ஆர்த்திகா கையை மட்டும் நீட்டித் தட்டினாள். பகவதியப்பன் கைதட்டப்போய், மனைவி பார்க்கிறாள் என்று கையைக் கீழே போட்டார். பிறகு மகள் பார்க்கிறாள் என்று தலையைச் சொறிந்தார்.

அதன்பிறகு மேகம் விலகி வெயில் சுள்ளென்று விழுந்தது. பிள்ளைகளின் கை சூடேறியது.

முதலில் மாட்டியவள் எதிரணி காப்டன் ரெஜிலா. ஓடிவந்து, துள்ளி, கையை வீசினாள். கை போனது, பந்தும் கையோடு போனது, கடைசியில் அவள் கால் பெருவிரல்மேலேயே வந்து விழுந்தது. கூட்டம் சிரித்தது. அடுத்து சஜிதா பந்தை வலப்பக்கம் தள்ளினாள். பந்து விரலை விடவில்லை. அவளையும் இழுத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடப்பக்கம் போனது. அங்கே இருந்தவள் எதிரணிப் பிள்ளை. அவள் வேண்டாம் வேண்டாம் என்று கையை உதறினாள், பந்து ஒட்டிக்கொண்டது. தரையில் தட்டினால் செம்மண் அப்பியது. தட்டத் தட்டப் பந்து பெருத்தது.

ஒரு கோல் விழுந்த சந்தோஷத்தில் இரண்டு பிள்ளைகள் உள்ளங்கையோடு உள்ளங்கை அடித்துக்கொண்டார்கள். பிரியவில்லை.

“என்ன எளவுட்டி இது?” என்று நடுவர் சிலுவைதாசன் ஓடிவந்து பந்தைக் கையில் வாங்கினார். வாங்கிய கையால் விசிலை எடுத்தார். பிறகு விசிலை வாயிலிருந்து எடுக்க இரண்டாவது நடுவர் உதவி தேவைப்பட்டது. “டைம்! ரெண்டு கோச்சும் வாங்கோ. என்னத்தப் பெரட்டுனிய?”

அழகியநாயகி சஜிதாவின் விரலை முகர்ந்து பார்த்தாள்.

“ரப்பர் பாலு!”

அங்கே கோல் வாசலில் நின்ற ஆர்த்திகாவும் தன் கையை முகர்ந்தாள். ரெஜிலாவைத் தூக்கிவிடப் போய் அவள் கையிலும் ஏறியிருந்தது. அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, பார்வையாளர் பக்கம் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள். முப்பது நாளில் இரண்டுபேரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல்தடவை.

பகவதியப்பன் சத்தியநேசனுக்குப் போன் போட்டார்.

“அது ஒண்ணுமில்ல ஓய்,” என்றது போன். “சக்க சீசன் முடிஞ்சுல்லா, அரக்கு ரெண்டு குப்பிக்கு எத்தல்ல. அதான் நம்ம தோட்டத்து ரப்பர் பாலு கொஞ்சம் விட்டு நெறச்சேன். நல்லா ஒட்டுகா?”

“ஒட்டுகு வேய்,” என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கினார். கையில் சோற்றுப் பை.

“எண்ணெய் எங்க?” என்றாள் அழகியநாயகி.

“வீட்டுல.”

“பைக்குள்ள?”

“தைரு சாதம், மாங்கா ஊறுகா... பின்ன, ஆஞ்சநேயருக்குச் சாத்தின வெண்ணெ.”

“எடுங்கோ.”

“சாமி வெண்ணெயில்லா? அதப்போயி...”

“கடலு சாடினவராக்கும் அவரு. வெளயாட்டுக்காரி கஷ்டம் அவருக்குத் தெரியும். எடுங்கோங்கேன்.”

இரண்டு அணியும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. அழகியநாயகி ஒவ்வொரு கையாக வெண்ணெய் வைத்துத் தேய்த்தாள். ரெஜிலா முறை வந்தபோது தயங்கினாள்.

“டீச்சர், நான் வேதக்காரியாக்கும். கோயில் பிரசாதம்...”

“தேக்கத்தாண்டி சொன்னேன். திங்கவா சொன்னேன்?”

ரெஜிலா வானத்தைப் பார்த்தாள். “கர்த்தரு கோவிக்க மாட்டாரு. நல்லாத் தேயுங்கோ.”

கடைசியில் ஆர்த்திகா வந்து நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள். முகத்தை மட்டும் ஸ்கோர் போர்டு பக்கம் திருப்பிக்கொண்டாள். அழகியநாயகி அந்தக் கையைப் பிடித்தாள். கொஞ்சநேரம் தேய்க்காமலே பிடித்திருந்தாள். வலக்கைச் சுண்டுவிரல் லேசாக வீங்கியிருந்தது.

“அவகிட்டச் சொல்லுங்கோ,” என்றாள் கணவனிடம், “இந்த வெரலுக்கு டேப் சுத்தணும்னு. இல்லன்னா என்ன மாதிரி ஆயிரும்.”

“மக்கா, வெரலுக்கு...”

“சுத்துகேன்னு சொல்லுங்கோ.”

வெண்ணெய் தீர்ந்துபோயிற்று. பிள்ளைகளின் கையைப் பிரித்துவிட்டதில் பகவதியப்பனின் இரண்டு கையிலும் பசை. அவருக்குத் தேய்க்க ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. சோற்றுப்பை கையோடு ஒட்டியபடி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

*

வெண்ணெய்க் கையோடு தொடர்ந்த ஆட்டத்தில் பந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசி நிமிடம். நான்குக்கு நான்கு. பகவதியப்பன் கண்ணை மூடி, “இப்படியே இருக்கட்டும் சாமி, இப்படியே,” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

விசில் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். கோல் முன்னால் சஜிதாவை ஒருத்தி தள்ளிவிட்டிருந்தாள். ஏழு மீட்டர் எறி.

சஜிதா கோட்டில் வந்து நின்றாள். எதிரே ஆர்த்திகா மட்டும். பகவதியப்பனுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைச் சாரலும், ‘எடது காலு பதுக்க’ என்ற சத்தமும் காதுக்குள் கேட்டன. அவர் மனைவியைப் பார்த்தார். அழகியநாயகி கோட்டுக்கு வெளியே குனிந்து, முழங்காலில் கையூன்றி நின்றிருந்தாள். அவள் பார்வை சஜிதாவின் தோளில் இருந்தது. தோள் ஒரு விரல்கடை இறங்கியது; பந்து கீழேதான் வரப்போகிறது.

“எடது காலு! எடது காலு, ஏட்டி!”

சத்தம் மைதானத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருக்கும். வீட்டுக் கொல்லையில் எட்டு வயதிலிருந்து கேட்டுப் பழகிய அம்மாவின் சத்தம். ஆர்த்திகா யோசிக்கவில்லை. அவள் இடது கால் தன்பாட்டில் விசுக்கென்று போனது. பந்து பாதத்தில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே தெறித்தது.

இறுதி விசில்.

“டிரா! டிரா!” என்று பகவதியப்பன் எழுந்து கத்தினார். சந்தோஷத்தில் பக்கத்து ஆளின் தோளில் போட்ட கை, திரும்ப எடுக்க நேரமாயிற்று.

“பைனலுல டிரா ஏது சாரே,” என்றார் அந்த ஆள். “எக்ஸ்ட்ரா டைம் உண்டு.”

கீழே சஜிதா அழுதுகொண்டே வந்தாள். “டீச்சர், நீங்கதான அங்க அடிக்கச் சொன்னிய?”

“நாந்தான் சொன்னேன்.”

“பின்ன அவளுக்கும் சொன்னியளே?”

“சொல்லிட்டேன்ட்டி.” அழகியநாயகி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். “பந்து வாரதக் கண்டுட்டு நான் எப்படிச் சும்மா நிக்க?”

கூடுதல் நேரத்தில் ஆர்த்திகாவின் அணி ஒரு கோலில் ஜெயித்தது.

*

வீட்டுக்கு வந்து கோப்பையை மேசைமேல் வைத்தாள் ஆர்த்திகா.

“அம்மா, கப்பு,” என்றாள். நேராக அம்மாவிடமே சொன்னாள்.

அம்மா பேசாமல் சட்டியைக் கழுவினாள்.

“நீதான் மொதல்ல பேசின. கிரவுண்டுல.”

“நான் பேசல்ல. கூவினேன். அது வேற.”

“என்னைப் பாத்துத்தான கூவின?”

“காலப் பாத்துக் கூவினேன்.” சட்டி டங்கென்று மேடையில் விழுந்தது. “அதும் என்ன காலுட்டி அது? நான் கூவி முடிச்ச பெறவுல்லா எடுக்க! தானா போயிருக்கணும் அது.”

“எடுத்தேன்லா? கோல் விழுந்துதா?”

“பாதத்துல பட்டு! கணுக்காலுல படணும். ஒரு விரல்கடை தள்ளியிருந்தா உள்ள.”

“போன வருசம் ஆட விட்டிருந்தா அப்பமே படிச்சிருப்பேன்! பெஞ்சுல இருந்து வெள்ளம் கோரிக் குடுத்தா காலு எப்படி வரும்?”

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அழகியநாயகி அதை மூடினாள்.

“அது தப்புதான்,” என்றாள். “பஸ்ஸுல எவனோ சொன்னதுக்குப் பயந்துட்டேன். ஆறடி ஆளுக எறிஞ்ச பந்துக்குப் பயப்படல்ல. அதுக்குப் பயந்துட்டேன்.”

ஆர்த்திகா கோப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். “இதுல என்ன போடப்போற?”

“நல்லமொளகு. அதுக்குத்தான் பாத்திரம் இல்லாம இருந்து.” அம்மா முந்தானையில் கையைத் துடைத்தாள். “வா இங்க, எடது கால் எப்படிப் போவணும்னு காட்டுகேன். இஞ்சேருங்கோ, எந்திரிங்கோ. வாசல்ல நில்லுங்கோ.”

“நானா?” என்றார் பகவதியப்பன். அப்போதுதான் ஒரு டம்ளர் சாயா போட்டு வைத்திருந்தார்.

“நிலைதான் கோலு. நீங்க கோலி. கைய விரிங்கோ.”

“அப்பா கால அகத்தி நிக்கணும்மா.”

“வேண்டாம், அவருக்கு அந்த வயசு இல்ல. சேத்து நிக்கட்டு.”

“அகத்தணும்!”

“சேக்கணும்ட்டி! நேஷனல் ஆடினது யாரு, நீயா நானா?”

பகவதியப்பன் நிலைவாசலில் காலை அகட்டியும் சேர்த்தும் பார்த்தார். அழகியநாயகி கூடையிலிருந்து ஒரு நாரத்தங்காயை எடுத்துக் கையில் உருட்டினாள். முப்பது நாள் பேச்சும் ஒன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தது. தோள் இறங்குவது, கால் போவது, ரெஜிலா வீசியது, சஜிதா அழுதது. இரண்டுபேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி நிறுத்துவாள் என்று மற்றவள் காத்திருக்கவும் இல்லை. சாயா ஆறிக்கொண்டிருந்தது.

கைக்கெட்டும் தூரத்தில் ஃபிரிட்ஜ். அவர் மெல்லக் கையை நீட்டிப் பச்சை அட்டையை எடுத்தார்.

“அது முடியாது!” என்றார்கள் அம்மாவும் மகளும் ஒரே குரலில்.

“ஏன்?”

“பந்து கையில உள்ளவங்கதான் கார்டு வைக்கலாம்,” என்றாள் மகள். “சட்டமாக்கும்.”

“பந்து என் கையில,” என்றாள் அழகியநாயகி. சொல்லிக்கொண்டே தோளை ஒரு விரல்கடை இறக்கி எறிந்தாள்.

நாரத்தங்காய் இடப்பக்கமாக விசிறி வந்தது. பகவதியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தப் பக்கம் கையை நீட்டினார். சத்தென்று ஏதோ வந்து பட்டது. கண்ணைத் திறந்து பார்த்தார். சத்தியநேசனின் ரப்பர் பால் கையைவிட்டு இன்னும் போயிருக்கவில்லை. நாரத்தங்காய் உள்ளங்கையில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

அதை உயரத் தூக்கி இருவருக்கும் காட்டினார். பிறகு மேசைக்குப் போய், இத்தனை வருடத்தில் முதல்முறையாக, பச்சை அட்டையை அதன்மேல் வைத்தார். அட்டை விரலை விட்டுப் பிரியக் கொஞ்சம் அடம்பிடித்தது.

“ஒரு நிமிசம்,” என்றார்.

சட்டம் என்பதால் இரண்டுபேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் உட்கார்ந்து சாயாவைக் குடித்தார்.